பழைய மருந்தா, புதிய மருந்தா?
‘கேட்டி’ ஆய்வு: ஒரு மதிப்பீடு

இரண்டு மருந்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எளிய வேலை போலத் தோன்றும். நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஒரு மருந்தையும் மற்றக் குழுவுக்கு மற்றொரு மருந்தையும் கொடுக்க வேண்டும். எந்தக் குழு நலம் பெறுகிறது என்று பார்க்க வேண்டும். இவ்வளவுதானே என்று நினைக்கிறோம். ஆனால் மருந்தை எந்த அளவில் கொடுப்பது, எத்தனை நாள் கவனிப்பது, நலம் என்று எதைச் சொல்வது, தீங்கு என்று எதைக் கணக்கில் எழுதுவது என்னும் நான்கு கேள்விகளுக்கு விடை சொன்ன பிறகுதான் ஒப்பீடே தொடங்குகிறது. விடையை மாற்றினால் வெற்றி பெறும் மருந்தும் மாறிவிடும்! மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் மருந்துகளின் கதையை விட இதற்கு நல்ல சான்று கிடைப்பது அரிது.

2005-ஆம் ஆண்டு செப்டம்பரில் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ ஓர் ஆய்வறிக்கை வெளியாயிற்று. அமெரிக்க அரசின் தேசிய மனநல நிறுவனம் நான்கு கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு நடத்திய அந்த ஆய்வுக்கு ‘கேட்டி’ என்று பெயர். லீபர்மன் என்ற மனநோய் மருத்துவர் தலைமையில் நடந்தது. “புதிய மருந்துகள் பழைய மருந்தை விட மேலானவை அல்ல என்று கேட்டி காட்டிவிட்டது” என்று ஒரு சாரார் இன்றும் சொல்கிறார்கள். “அப்படியெல்லாம் அது காட்டவில்லை” என்று மற்றொரு சாராரும் அதே அறிக்கையைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். இருபது ஆண்டுகள் கழிந்த பின் அதை நிதானமாகப் படித்துப் பார்ப்பது பயனுடையது. ஏனெனில் இதில் சிக்கியிருப்பது வெறும் புள்ளிவிவரத் தகராறு அன்று. இளம் வயதில் தொடங்கிப் பல்லாண்டுகள், சிலர் வாழ்நாள் முழுவதும், விழுங்க வேண்டிய மாத்திரை எது என்பதாகும்.

நோயும் மருந்தும்

மனச்சிதைவு என்பது பலர் எண்ணுவது போல ஓர் உடலுக்குள் இரண்டு ஆட்கள் குடியிருக்கும் நோயன்று. இல்லாத குரல்கள் காதில் கேட்பதும், யாரோ தம்மைப் பின்தொடர்கிறார்கள், உணவில் நஞ்சு வைக்கிறார்கள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை எழுவதும், பேச்சும் எண்ணமும் கோவையற்றுப் போவதும் இதன் வெளிப்படையான குறிகள். ஊக்கம் குன்றி, முகத்தில் உணர்ச்சி மங்கி, உறவினரிடமிருந்து ஒதுங்கிப் போவது இன்னொரு வகைக் குறி. ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஏழு பேருக்கு வாழ்நாளில் என்றேனும் இந்நோய் வரலாம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

1952-இல் பாரிஸ் நகரின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்னும் இருவர் குளோர்புரோமசின் என்ற மருந்தை இத்தகைய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். குரல்கள் அடங்கின, கொந்தளிப்புத் தணிந்தது. 1958-இல் பெல்ஜியத்தில் பால் ஜான்சனின் ஆய்வுக்கூடத்தில் ஹாலோபெரிடால் உருவாயிற்று. இவை மூளையில் என்ன செய்கின்றன என்பது பின்னர்தான் தெரியவந்தது. நரம்பணுக்களுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் டோப்பமின் என்ற பொருளுக்கு அணுக்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் உள்ளன. அவற்றுள் இரண்டாம் வகை ஏற்பியை இந்த மருந்துகள் அடைத்துவிடுகின்றன.

இங்கேதான் தொல்லையும் தொடங்குகிறது. ஏரி மதகை அடைத்தால் வெள்ளம் புகுந்த வயல் மட்டுமா காயும்? அதே வாய்க்காலை நம்பியிருக்கும் பக்கத்து வயலும் காயும். மூளையின் ஒரு பகுதியில் டோப்பமின் தடைபடும்போது குரல்கள் ஓய்கின்றன. அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதியில் அதே தடை ஏற்படும்போது கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, முகம் மரத்தாற்போல் ஆகிறது. சிலருக்கு ஒரு நிமிடமும் உட்கார முடியாதபடி இருப்புக் கொள்ளாமை வந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் அதை நோயின் கொந்தளிப்பு என்று நினைத்து மருந்தளவைக் கூட்டுவதும் உண்டு. கூட்டினால் தொல்லை கூடும். பிட்யூட்டரிச் சுரப்பியை ஆளும் பகுதியில் தடை ஏற்பட்டால் புரோலாக்டின் என்ற ஹார்மோன் பெருகி, பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகிறது; மகப்பேறு இல்லாமலே பால் சுரக்கிறது; ஆண்களுக்கு மார்பு பெருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மருந்துண்டவர்களுக்கு நாக்கும் உதடும் தாடையும் தாமாகவே அசைந்துகொண்டிருக்கும் ‘டார்டிவ் டிஸ்கைனீசியா’ என்ற கோளாறு தோன்றுவதுண்டு. மருந்தை நிறுத்திய பிறகும் இது நீங்காமல் போகலாம். பழைய மருந்துகளை உண்ட வயது வந்தோரில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து பேர் என்ற கணக்கில் இது புதிதாகத் தோன்றியதாகக் கணக்கிட்டுள்ளனர்.

நடுக்கம் இல்லையேல் குணமும் இல்லை என்றே தொடக்க கால மருத்துவர்கள் பலர் நம்பினர். ஜெர்மனியின் ஹாசே என்ற மருத்துவர் நோயாளியின் கையெழுத்தைப் பார்த்து மருந்தளவை முடிவு செய்தார். எழுத்து சற்றே சிறுத்து நெருங்கத் தொடங்கும் அளவே போதுமான அளவு, அதற்கு மேல் வேண்டியதில்லை என்பது அவர் விதி. எவ்வளவு மலிவான கருவி! அவருடைய விதியின் பின்பாதியை நினைவில் வைத்திருந்தால் பின்னால் வந்த பல ஆய்வுகள் வேறுவிதமாக நடந்திருக்கும்.

காலில் கல்லைக் கட்டிய பந்தயம்

1990-களில் தொடங்கி ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், குவெட்டியபின், சிப்ரசிடோன் என்று புதிய மருந்துகள் வரிசையாக வந்தன. இவை டோப்பமினுடன் செரட்டோனின் என்ற மற்றொரு பொருளின் ஏற்பியையும் அடைப்பவை. நடுக்கமும் விறைப்பும் குறைவு, நோயையும் மேலாகக் கட்டுப்படுத்தும் என்ற அறிமுகத்துடன் இவற்றுக்கு ‘இரண்டாம் தலைமுறை’ என்று பெயரிட்டனர். தலைமுறை என்ற சொல்லிலேயே முன்னேற்றம் என்ற பொருள் ஒளிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பெயர் வைக்கும்போதே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

எதனுடன் ஒப்பிட்டார்கள்? பெரும்பாலும் ஹாலோபெரிடாலுடன். எந்த அளவில்? 1993, 1994-ஆம் ஆண்டுகளில் வெளியான வட அமெரிக்க ரிஸ்பெரிடோன் ஆய்வில் ஹாலோபெரிடால் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. இது எவ்வளவு மிகை என்பதை டொரான்டோ நகரில் ஷிதிஜ் கபூர் குழுவினர் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கிற்று. முதன்முறையாக நோயுற்ற 22 பேருக்கு ஒரு மில்லிகிராம் அல்லது இரண்டரை மில்லிகிராம் மட்டும் கொடுத்து, அவர்கள் மூளையில் எத்தனை ஏற்பிகள் அடைபடுகின்றன என்று படம் பிடித்துப் பார்த்தனர். 65 விழுக்காடு அடைபட்டால் நோய் குறைகிறது. 72 விழுக்காட்டைத் தாண்டினால் புரோலாக்டின் ஏறுகிறது. 78 விழுக்காட்டைத் தாண்டினால் நடுக்கமும் விறைப்பும் வருகின்றன. குணத்துக்கும் தீங்குக்கும் இடையில் உள்ள வரப்பு இவ்வளவு குறுகியது. இரண்டரை மில்லிகிராமே பலருக்குப் போதுமாயிருக்க, 20 மில்லிகிராம் கொடுத்தால் வரப்பைத் தாண்டி எங்கோ போய் நிற்போம். எதிராளியின் காலில் கல்லைக் கட்டிவிட்டு ஓட்டப் பந்தயம் நடத்தியது போலாயிற்று.

அதே 2000-ஆம் ஆண்டில் ஜான் கெடிஸ் குழுவினர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 52 ஆய்வுகளை, அதாவது 12,649 நோயாளிகளின் விவரங்களை, ஒருசேர ஆராய்ந்தனர். ஒப்பிடப்பட்ட ஹாலோபெரிடால் 12 மில்லிகிராமுக்கு மேற்படாத ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, நோயைக் கட்டுப்படுத்துவதிலும் மொத்தத் தாங்கும் தன்மையிலும் புதிய மருந்துகளுக்கிருந்த மேன்மை மறைந்துவிட்டது. நடுக்கம், விறைப்பு ஆகியவை குறைவு என்ற ஒன்று மட்டும் எஞ்சி நின்றது.

புதிய மருந்துகளையே ஒன்றோடொன்று மோதவிட்டபோது நடந்தது இன்னும் வேடிக்கை. 2006-இல் ஹெரஸ் என்பவரும் அவர் குழுவினரும், மருந்து நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய நேரடி ஒப்பீடுகளைத் திரட்டினர். நூற்றுக்குத் தொண்ணூறு ஆய்வுகளில் பணம் கொடுத்த நிறுவனத்தின் மருந்தே வென்றிருந்தது. ‘ஒலான்சபின் ரிஸ்பெரிடோனை வெல்வதும், ரிஸ்பெரிடோன் குவெட்டியபினை வெல்வதும், குவெட்டியபின் ஒலான்சபினை வெல்வதும் ஏன்?’ என்பதையே அவர்கள் தங்கள் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார்கள். எண்களைப் பொய்யாக எழுதினார்கள் என்று அவர்கள் குற்றம் சாட்டவில்லை. எதிர் மருந்தின் அளவு, எந்த நோயாளிகளைச் சேர்ப்பது, எந்த முடிவை முதலில் சொல்வது ஆகியவற்றிலேயே பந்தயம் தீர்மானமாகிவிடுகிறது என்றுதான் காட்டினார்கள்.

இந்தச் சூழ்நிலையில் அரசுப் பணத்தில், எந்த நிறுவனத்துக்கும் வெற்றி தேவைப்படாத ஓர் ஆய்வு வேண்டியிருந்தது. அதுவே கேட்டி.

ஆய்வு எப்படி நடந்தது?

2001 முதல் 2004 வரை அமெரிக்காவில் 57 இடங்களில் 1,493 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். பழைய மருந்துகளின் சார்பாக ஹாலோபெரிடாலை எடுக்காமல், வீரியத்தில் நடுத்தரமான பெர்பெனசினை, அதையும் 8 முதல் 32 மில்லிகிராம் வரையிலான மிதமான அளவில், எடுத்துக்கொண்டார்கள். கல்லை அவிழ்த்துவிட்டார்கள் என்று பொருள். இது கேட்டியின் முதற் சிறப்பு. எதிரே நான்கு புதிய மருந்துகள் நின்றன: ஒலான்சபின், குவெட்டியபின், ரிஸ்பெரிடோன் ஆகியவற்றோடு இடையில் வந்து சேர்ந்த சிப்ரசிடோன். யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. ஆறு வாரத்தில் முடியும் வழக்கமான ஆய்வுகளைப் போலன்றிப் பதினெட்டு மாதங்கள் கவனித்தார்கள். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, குடிப்பழக்கம் முதலியவை உள்ளவர்களையும் விலக்காமல் சேர்த்துக்கொண்டார்கள். இது இரண்டாம் சிறப்பு. ஏனெனில் மருத்துவமனை வாயிலில் வந்து நிற்பவர்கள் அத்தகையோரே.

அளவுகோலும் புதுமையானது. ஒவ்வொருவரும் தமக்குக் கொடுத்த மருந்தை எத்தனை நாள் தொடர்ந்து உண்டார் என்பதே முதன்மையான அளவு. குணம் தெரியாமல் நிறுத்தினாலும், தீங்கு தாங்காமல் நிறுத்தினாலும், வேண்டாமென்று நோயாளியே நிறுத்தினாலும் கணக்கு ஒன்றுதான்.

முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. பதினெட்டு மாதம் முடிவதற்குள் நூற்றுக்கு 74 பேர் தங்கள் மருந்தை விட்டுவிட்டனர்! ஒலான்சபின் உண்டவர்களில் 64, ரிஸ்பெரிடோனில் 74, பெர்பெனசினில் 75, சிப்ரசிடோனில் 79, குவெட்டியபினில் 82 விழுக்காட்டினர் நிறுத்தினர். ஒலான்சபின் சற்று முந்தி நின்றது உண்மை. ஆனால் பெர்பெனசினுக்கும் ஏனைய புதிய மருந்துகளுக்கும் இடையே பெயர் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. நடுக்கம், விறைப்பு ஆகியவற்றை அளவுகோல் வைத்து அளந்தபோதும் ஐந்துக்குமிடையே புள்ளியியல் ஒப்புக்கொள்ளும் வேறுபாடு தென்படவில்லை.

மருந்தை நிறுத்தியவர் கணக்கைப் படித்துவிட்டு, மருந்தே வேண்டாம் என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. மருந்தைத் தொடர்ந்தவர்களையும் வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களையும் ஒப்பிட்ட 65 ஆய்வுகளை 2012-இல் லாயிஷ்ட் குழுவினர் தொகுத்தபோது, ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் முன்னவரில் 27 விழுக்காடு, பின்னவரில் 64 விழுக்காடு. கேட்டி காட்டியது மருந்தின் பயனின்மையை அன்று. ஒருவருக்கு ஏற்ற மருந்து முதல் முயற்சியிலேயே அமைவது எவ்வளவு அரிது என்பதைத்தான்.

எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள்?

இனி ஆய்வின் குறைகளுக்கு வருவோம். ‘மருந்தை நிறுத்துதல்’ என்ற ஒரே எண்ணில் எல்லாவற்றையும் அடக்கியது வசதியான ஏற்பாடு. ஆனால் கஞ்சியும் கூழும் ஒரே பானையில் கலந்துவிட்டன. ஒலான்சபின் குழுவில் குணம் போதாமல் நிறுத்தியவர்கள் 15 விழுக்காடு மட்டுமே; மற்ற நான்கிலும் 24 முதல் 28 வரை. ஆனால் தீங்கு தாங்காமல் நிறுத்தியவர்களை எடுத்தால் ஒலான்சபினில் 18 விழுக்காடு. ரிஸ்பெரிடோனில் 10 தான். ஒன்றில் நோய் நன்கு அடங்கியது, உடல் கெட்டது. மற்றொன்றில் உடல் தப்பியது. நோய் முழுதும் அடங்கவில்லை. இவ்விரண்டையும் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டால் கிடைக்கும் எண், எந்த நோயாளியின் கேள்விக்கும் விடையாகாது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. ஏற்கெனவே டார்டிவ் டிஸ்கைனீசியா இருந்த 231 பேர் ஆய்வில் இருந்தனர். அவர்களைப் பெர்பெனசின் குழுவில் சேர்க்கவில்லை. அறநெறிப்படி அது சரியே. ஏற்கெனவே வாய் கோணி ஆடுபவருக்கு அதே தீங்கை மிகுவிக்கக் கூடிய மருந்தை எப்படிக் கொடுப்பது? ஆனால் விளைவைப் பாருங்கள். பழைய மருந்தின் மிகக் கொடிய தீங்குக்கு ஆளாகக் கூடியவர்கள் என்று முன்கூட்டியே தெரிந்தவர்கள் பழைய மருந்தின் பக்கம் வரவேயில்லை. பதினெட்டு மாதம் என்பதோ, ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும் அந்தக் கோளாற்றுக்குக் குறுகிய காலம். ஆகவே “நடுக்கத்தில் வேறுபாடு இல்லை” என்ற வாசகத்தைப் “பழைய மருந்து இந்த வகையில் தீங்கற்றது” என்று வாசித்தவர்கள் அறிக்கையில் இல்லாததை வாசித்தார்கள். அந்த ஆய்விலேயே, அசைவுக் கோளாறுகளின் காரணமாக மருந்தை நிறுத்தியவர்கள் பெர்பெனசினில் 8 விழுக்காடு, மற்றவற்றில் 2 முதல் 4 விழுக்காடு. அளவுகோலில் அகப்படாத ஏதோ ஒன்றை உண்டவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

மருந்தளவிலும் ஒரு சாய்வு இருந்தது. ஒலான்சபினுக்கு 30 மில்லிகிராம் வரை இடம் கொடுத்தார்கள். அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற உச்ச அளவு 20. மேலும், சேரும்போதே ஒலான்சபின் உண்டுகொண்டிருந்தவர்கள் கணிசமாக இருந்தனர். அவர்களில் குலுக்கலில் மறுபடியும் ஒலான்சபினே விழுந்தவர்களுக்கு மருந்து மாறவில்லை. பழகிய மருந்தை யாரும் எளிதில் விடுவதில்லை. இதைப் பின்னர் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்களே எடுத்துக்காட்டியது பாராட்டத்தக்கது.

எடையின் கணக்கு

கேட்டியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, செய்தித்தாள்கள் பெரிதுபடுத்தாத ஒரு பட்டியல். உடல் எடை ஏழு விழுக்காட்டுக்கு மேல் கூடியவர்கள் ஒலான்சபினில் நூற்றுக்கு 30 பேர். குவெட்டியபினில் 16, ரிஸ்பெரிடோனில் 14, பெர்பெனசினில் 12, சிப்ரசிடோனில் 7. ஒலான்சபின் உண்டவர்களுக்கு மாதந்தோறும் சராசரியாக ஏறத்தாழ 900 கிராம் கூடியது. 60 கிலோ எடையுள்ள இளைஞர் ஒருவருக்கு இது ஓராண்டு நீடித்தால் என்ன ஆகும் என்பதைப் பள்ளி மாணவரே கணக்கிட்டுவிடலாம். இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் கூடவே ஏறின.

பக்க விளைவுகளைக் கணக்கெடுத்த வரலாற்றிலேயே ஓர் ஓரவஞ்சனை உண்டு என்பது என் கருத்து. நடுக்கமும் விறைப்பும் மருத்துவரின் கண்ணெதிரே நடப்பவை. ஆகவே முதலில் எண்ணப்பட்டன. எடையும் சர்க்கரையும் வீட்டுக்குப் போன பிறகு, மாதங்கள் கழித்து வருபவை, பின்னால்தான் எண்ணப்பட்டன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, புதிய மருந்துகளின் உறையில் சர்க்கரை நோய் பற்றிய எச்சரிக்கை வேண்டுமென்று கேட்டது 2003-இல். ஒலான்சபின் கடைக்கு வந்ததோ 1996-இல். மாதவிடாய் நின்றதும், இல்லற இன்பம் அற்றுப்போனதும், பகலெல்லாம் தலை கனத்துக் கிடப்பதும் நோயாளி தாமே வாய்திறந்து சொன்னால்தான் தெரியும். மனநோயாளி சொல்வதை யார் செவிமடுத்தார்கள்?

எண்ணிய பிறகாவது கவனித்தார்களா என்றால், அதுவும் இல்லை. கேட்டியில் சேர்ந்தவர்களைத் தொடக்க நாளிலேயே சோதித்தபோது, சர்க்கரை நோய் இருந்தவர்களில் நூற்றுக்கு 30 பேர் அதற்கு எந்த மருந்தும் பெறவில்லை. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 62 பேரும், கொழுப்புக் கோளாறு உள்ளவர்களில் 88 பேரும் அவ்வாறே. மனத்துக்கு மருந்து கொடுத்தவர்கள் உடலை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். கேட்டியின் எல்லாக் கண்டுபிடிப்புகளிலும் உடனே திருத்தக் கூடியது இதுதான். எடைபார்க்கும் கருவியும் ஓர் இரத்தச் சோதனையும் போதும்.

2013-இல் லாயிஷ்ட் குழுவினர் 212 ஆய்வுகளை, 43,049 நோயாளிகளின் விவரங்களை, ஒரு வலையாகப் பின்னி 15 மருந்துகளை வரிசைப்படுத்தினார்கள். அப்பட்டியல் சொல்லும் பாடம் கேட்டியை விடத் தெளிவானது. அசைவுக் கோளாறுகளில் மிக மோசமானது ஹாலோபெரிடால். எடை கூட்டுவதில் மிகக் குறைந்த தீங்கு செய்வதும் அதே ஹாலோபெரிடால்! எடையில் கடைசி இடம் ஒலான்சபினுக்கு. புரோலாக்டினை மிகுதியும் ஏற்றுவது ரிஸ்பெரிடோனின் உடன்பிறப்பான பாலிபெரிடோன். கொஞ்சமும் ஏற்றாதது அரிபிப்ரசோல். தூக்க மயக்கத்தில் முதல்வன் குளோசபின். ஒவ்வொரு தீங்குக்கும் வரிசை ஒவ்வொரு விதமாக மாறுகிறது. பழையவை ஒரு பக்கமாகவும் புதியவை ஒரு பக்கமாகவும் பிரிந்து நிற்கவே இல்லை. ‘முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை’ என்ற பாகுபாடு கடைக்காரருக்குப் பயன்படலாம், நோயாளிக்குப் பயன்படாது. கைத்தொழிலால் பிழைக்கும் தையற்காரருக்கு விரல் நடுக்கம் பெருந்தீங்கு. தாய் தந்தை இருவருக்கும் சர்க்கரை நோய் உள்ளவருக்கு எடையேற்றம் பெருந்தீங்கு. குழந்தை வேண்டுமென்று காத்திருக்கும் பெண்ணுக்குப் புரோலாக்டின். இந்தக் கேள்வியை அந்த ஆளிடமே கேட்காமல் எந்தச் சராசரியைக் கொண்டும் தீர்க்க முடியாது.

நம் நாட்டு வாசகருக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கேட்டி எழுப்பிய புயலில் பாதி, விலை பற்றியது. பெர்பெனசின் உண்டவர்களுக்கான மருத்துவச் செலவு மற்றவர்களை விட மாதத்துக்கு 300 முதல் 600 டாலர் வரை குறைவு என்று 2006-இல் கணக்கிட்டார்கள். இந்தியாவில் 2005 வரை மருந்துப் பொருள்களுக்குக் காப்புரிமை இல்லை. புதிய மருந்துகளை உள்நாட்டு நிறுவனங்களே செய்து மலிவாக விற்றன. ஆதலால் அந்த விலை வாதம் நமக்கு அப்படியே பொருந்தாது. எடை வாதமோ நமக்குக் கூடுதலாகவே பொருந்தும். ஆசிய மக்களுக்குக் குறைந்த உடற்பருமனிலேயே சர்க்கரை நோய் வரும் அபாயம் மிகுதி என்று 2004-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர்களே கருத்துத் தெரிவித்திருக்கிறார்கள்.

வரிசையில் சேராத மருந்து

குளோசபின் தனிக் கதை. 1958-இல் சுவிட்சர்லாந்தில் உருவாகி, 1970-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. நடுக்கம் அறவே உண்டாக்காததால் இது வேலை செய்யுமா என்றே சிலர் ஐயுற்றனர். 1975-இல் பின்லாந்தில் இதை உண்டவர்களுள் சிலருக்கு இரத்த வெள்ளணுக்கள் அடியோடு குறைந்து, தொற்றுநோய் தாக்கி எட்டுப் பேர் இறந்தனர். மருந்து ஏறக்குறைய ஒதுக்கப்பட்டது. 1988-இல் ஜான் கேன் குழுவினர், வேறு எந்த மருந்துக்கும் கட்டுப்படாத 268 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஆறே வாரத்தில் நூற்றுக்கு 30 பேர் தேறினர். குளோர்புரோமசின் உண்டவர்களில் தேறியவர்கள் 4 பேர். கேட்டியின் இரண்டாம் கட்டத்திலும், மருந்து பலிக்காத 99 பேரிடையே இது வென்றது. ஒலான்சபின், ரிஸ்பெரிடோன், குவெட்டியபின் ஆகியவை மூன்று மாதம் போல நின்றன; குளோசபின் பத்தரை மாதம் நின்றது. ஆனால் குளோசபின் கொடுக்கப்படுகிறது என்பது மட்டும் மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்திருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இதன் தீங்குகள் சிறியவை அல்ல. எடை ஒலான்சபினுக்கு இணையாக ஏறும். இரவில் எச்சில் வழிந்து தலையணை நனையும். மலச்சிக்கல் முற்றிக் குடலே அடைத்து உயிர் போனதும் உண்டு. வலிப்பும், இதயத் தசை அழற்சியும் வரலாம். ஆனால் எல்லோரும் அஞ்சும் வெள்ளணுக் குறைவுக்கு வார இரத்தச் சோதனை என்ற எளிய காவல் உண்டு. அக்காவலுடன் அமெரிக்காவில் குளோசபின் உண்ட 11,555 பேரைப் பற்றி 1993-இல் வெளியான கணக்கில், 73 பேருக்கு அக்குறை வந்தது, இறந்தவர் இருவர். மறுபக்கத்தில், 980 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2003-இல் வெளியான ஆய்வில், தற்கொலை முயற்சிகளைக் குறைப்பதில் இது ஒலான்சபினை வென்றது. தீங்கைக் கண்டு அஞ்சிக் கொடுக்காமல் விடுவதும் ஒரு தீங்குதான். அதை எந்தப் பட்டியலிலும் யாரும் எழுதுவதில்லை. கேட்டியைப் பற்றி இவ்வளவு பேசியவர்கள் அதன் இந்த இரண்டாம் கட்டத்தைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு. 2025-இல் அமெரிக்கா, குளோசபின் எழுதும் மருத்துவரும் கொடுக்கும் கடையும் தனிப் பதிவேட்டில் சேர வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டது. இரத்தச் சோதனையை மட்டும் தொடரச் சொல்கிறது.

2024 செப்டம்பரில் அங்கே மற்றொரு புதுமருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. சனோமெலின், டுரோஸ்பியம் என்னும் இரண்டின் சேர்க்கை அது. டோப்பமின் ஏற்பியை அடைக்காமல் வேறு வழியில் வேலை செய்வதால் நடுக்கமும் எடையேற்றமும் மிகக் குறைவு என்கிறார்கள்; குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், நாடித்துடிப்பு மிகுதல் ஆகியவை உண்டு. எழுபது ஆண்டுகளாக ஒரே மதகைச் சுற்றி வந்த துறைக்கு இது உண்மையான புதுவழி என்பதில் ஐயமில்லை. ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வுகள் ஐந்து வாரம் நடந்தன. ஒப்பிடப்பட்டது வெற்று மாத்திரையுடன். ஓராண்டு நீடித்த ஆய்வுகளும் உண்டு. அவற்றில் ஒப்பிடுவதற்கு எதிர் மருந்தே இல்லை.